Re: பாட்டி படம், சேர்ல ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு

வணக்கங்க. ஆயில் பெயிண்ட்ல வரைஞ்ச படத்துல பாட்டி முகம் நல்லா வந்துடுச்சு, ஆனா உக்காந்த மாதிரியே இல்லன்னு கேட்டிருந்தீங்க. படத்த பாத்தேன், பிரச்சனை தொடைலதான். நேரா முன்னாடி இருந்து பாத்தா தொடை ரொம்ப குட்டையா தெரியும், நம்ம மனசு அத ஒத்துக்காம நீளமா வரைஞ்சிடும், அதனால கைய நீட்டி பிரஷ்ஷ பிடிச்சு இடுப்புலேர்ந்து முட்டி வரைக்கும் தலையோட உயரத்துல எவ்வளவுன்னு அளந்து பாருங்க.

அப்புறம் புடவை. ஒவ்வொரு மடிப்பையும் சின்ன பிரஷ்ல வரைஞ்சிருக்கீங்க, அங்கதான் விறைப்பு வருது. கண்ண பாதி மூடி பாத்தா வெளிச்சம் நிழல்னு ரெண்டு மூணு பெரிய திட்டுதான் தெரியும், அத 1 இன்ச் பிரஷ்ல வெச்சிட்டு மடிப்ப கடைசில நாலஞ்சு தீற்றல்ல முடிங்க. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்க்வெஸ் 1650ல வரைஞ்ச போப் பத்தாம் இன்னொசென்ட் படத்த பெருசாக்கி பாருங்க, அவரும் உக்காந்துதான் இருக்கார், அந்த வெள்ளை அங்கி கிட்டக்க வெறும் தீற்றல், தள்ளிப் போனா துணி!

சேர் முதுகோட விளிம்ப பெயிண்ட் ஈரமா இருக்கும்போதே காஞ்ச பிரஷ்ல லேசா இழுத்து மங்க விடுங்க. முகத்த மட்டும் தொடாதீங்க ப்ளீஸ், அந்தக் கண்ணு அவ்ளோ உயிரா இருக்கு.