பிந்தினாலும் ஏறுகிறார்களே, ஏன்?

கேள்வி: மலிவு விமானம் சொன்ன நேரத்துக்குப் புறப்படுவதே இல்லை. சென்னையிலிருந்து திரும்பும்போது ஐந்து மணித்தியாலம் காத்துக்கிடந்தோம். இருந்தும் எங்கள் சனம் நாலு காசு மிச்சம் என்று திரும்பத் திரும்ப அதற்கே டிக்கெட் போடுகிறது. இது கஞ்சத்தனமா, முட்டாள்தனமா?
- வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: இரண்டும் இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. அதைக் கூடவே காத்துக்கிடந்த சனத்தின் மேல் காட்டுவதுதான் பிழை.

திருகோணமலையிலிருந்து சென்னைக்குப் போகும் ஒரு குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். சீனக்குடாவில் ஓடுபாதை இருக்கிறது. அதிலிருந்து சென்னைக்கு நமக்கு விமானம் இல்லை. காலை விமானம் என்றால் முதல்நாள் இரவே வான் பிடித்து, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 240 கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடிக் கட்டுநாயக்கா விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். ஹபரணைக் காட்டுக்குள் யானை வீதியை மறித்தால் அந்த நேரமும் சேரும். பறப்பதோ ஒன்றரை மணித்தியாலம்தான். 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமானது நல்ல காரியம், ஆனால் வவுனியா சுற்றிப் போகும் நமக்குத் தூரம் பெரிதாகக் குறையவில்லை. இரவு முழுக்க வீதியில் கழித்தவருக்கு மேலும் இரண்டு மணித்தியாலம் பெரிதாய்த் தெரியாது. நாலு டிக்கெட்டில் மிஞ்சும் காசு தெரியும். வான் கூலியை அதில்தான் கொடுக்கிறார்கள். நேரத்தின் அருமை தெரியாமல் அல்ல, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் அந்த டிக்கெட்டைப் போடுகிறார்கள்.

தாமதம் எங்கே பிறக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே விமானத்தை ஒரு நாளில் பல தடவை ஏற்றி இறக்கினால்தான் அந்த விலை கட்டும். இறங்கி அரை மணித்தியாலத்துக்குள் அடுத்த ஓட்டம். காலையில் எங்கோ ஓரிடத்தில் முக்கால் மணித்தியாலம் பிந்தினால், அது பின்னேர ஓட்டம்வரை கூடிக்கொண்டே வரும். மாற்றுக்கு விட விமானம் மிஞ்சி நிற்பதும் அரிது. ஆகவே மலிவில் போகிறவர்கள் நாளின் முதல் ஓட்டத்தைப் பார்த்து எடுங்கள்.

யார் தவிர்க்க வேண்டும்? அன்று பின்னேரமே சென்னை ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்க நேரம் எடுத்தவர் தவிர்க்க வேண்டும். செத்த வீட்டுக்கு ஓடுகிறவரும் அப்படியே. எல்லாரிலும் கவனமாக இருக்க வேண்டியவர், சென்னை மட்டும் ஒரு டிக்கெட், அங்கிருந்து லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ வேறு கம்பனியில் தனி டிக்கெட் என்று எடுப்பவர். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது கம்பனி அவரை 'வராதவர்' என்று எழுதிவிடும். முதல் கம்பனியோ அந்த டிக்கெட் தன்னுடையதில்லை என்று கைவிரிக்கும். மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு அங்கே போய்விடும்.

பொதிக் கணக்கும் உண்டு. சென்னை கவுன்டரின் முன்னால் ஒரு அம்மா நிலத்தில் இருந்து பெட்டியைத் திறந்து, கலியாணச் சேலைகளை எடுத்து மகளின் தோள்பையில் திணிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பொதி 7 கிலோ. டிக்கெட்டில் அனுமதித்த அளவுக்கு மேல் போனால் காசு. கலியாணச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பொதிக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும். பெரிய கம்பனியின் டிக்கெட்டே மலிவாக வந்தாலும் வரும்.

எனக்குத் தாங்க முடியாதது தாமதம் அல்ல, அந்த ஐந்து மணித்தியாலத்தில் ஒருவரும் வந்து காரணம் சொல்லாதது. கைக்குழந்தையோடும் சீனி வருத்தக்காரரோடும் இருக்கும் சனத்தைத் திரையில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். 'மலிவு டிக்கெட்தானே' என்று நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். மலிவாக வாங்கியவருக்கு உரிமையும் மலிவு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதியில் இழப்பீடு 250 யூரோவிலிருந்து 600 யூரோ வரை. அது பறக்கும் தூரத்தைப் பார்த்துத்தான், டிக்கெட் விலையைப் பார்த்து அல்ல. நமது பக்கத்தில் அவ்வளவு இல்லை. ஆனாலும் சென்னையிலிருந்து கொழும்பு போன்ற குறுகிய பயணம் 2 மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்திருக்கின்றன. தாமதத்தைத் தவிர்க்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்ததாக நிறுவனம் காட்ட முடியாவிட்டால், தாமதத்தால் வந்த நட்டத்துக்கு அதுவே பொறுப்பு என்கிறது அதன் 19ஆம் உறுப்புரை.

அந்த ஐந்து மணித்தியாலத்தில் யார் காசில் சாப்பிட்டீர்கள்? பற்றுச்சீட்டும் போர்டிங் பாஸும் கையில் இருந்தால், தாமதத்தின் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டு இந்தக் கிழமையே நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்த உடன்படிக்கையின்படி வழக்குப் போட 2 வருடம் அவகாசம் இருக்கிறது.