நாளைய டாலர் விலை தெரியாத பொருளியலாளர்

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பன்னாட்டுப் பணக்கொள்கையில் ஆய்வாளராக, பேராசிரியராக ஆவதற்குப் பொருளியலில் இளங்கலைப் பட்டம் கட்டாயமா?
– மாணவி, கன்னங்குறிச்சி

பதில்: இல்லை. ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநரான பொருளியலாளர் ரகுராம் ராஜன் இளநிலையில் படித்தது மின்பொறியியல். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ரிசர்வ் வங்கி மும்பையில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் முதுகலைக்குச் சேர்பவர்களைத் திணறவைப்பது பெரும்பாலும் கணிதம்தான். வரையறைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களைவிட உங்களுக்கு அங்கே மூச்சு வாங்காது.

கேள்வி: என் மகன் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். டாலர் அடுத்த மாதம் ஏறுமா, இறங்குமா என்று கேட்டால் தெரியாது என்கிறான். பிறகு எதற்கு இத்தனை வருடப் படிப்பு?
– கொலுசுப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உங்கள் மகன் ஒழுங்காகப் படிக்கிறார் என்பதற்கு அந்தப் பதிலே சான்று. நாளைய விலையும் இன்றைய விலைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணிப்பைக்கூட, ஓராண்டுக்கு உட்பட்ட காலத்தில் அன்றைய பொருளியல் கணித மாதிரிகளால் வெல்ல முடியவில்லை என்று பொருளியலாளர்கள் ரிச்சர்ட் மீஸும் கென்னத் ரோகாஃபும் 1983-இல் காட்டினார்கள். ஆனால் விலை அசைந்தால் என்ன நடக்கும் என்பதைக் கணக்கிடலாம். உலகச் சந்தையில் வெள்ளிக்கு விலை சொல்லும் எடை அளவு டிராய் அவுன்ஸ்; ஒரு கிலோ வெள்ளி என்பது ஏறத்தாழ 32.15 டிராய் அவுன்ஸ். அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், டாலர் ஒரு ரூபாய் ஏறியதும், வரியைச் சேர்க்காமலேயே, உங்கள் பட்டறைக்கு வரும் கட்டி வெள்ளி கிலோவுக்குச் சுமார் 965 ரூபாய் கூடிவிடும். அந்த அசைவை அரசு தடுக்கலாமா, தடுத்தால் எதை இழக்கும் என்பதே இத்துறையின் மையக் கேள்வி. நிலையான மாற்று வீதம் (ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய் என்ற விலை), நாட்டுக்குள்ளும் வெளியேயும் தடையற்ற மூலதன ஓட்டம், வட்டியைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரு நாடு வைத்துக்கொள்ள முடியும் என்ற பாடம், 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் மண்டெலும் மார்க்கஸ் ஃபிளெமிங்கும் செய்த ஆய்விலிருந்து வந்தது. 1991 ஜூலையில் இரண்டு கட்டமாக மதிப்பிறக்கப்பட்ட நம் ரூபாய், 1993 மார்ச்சில் சந்தை தீர்மானிக்கும் வீதத்துக்கு மாறிய கதையை அதனுடன் சேர்த்து மகனிடமே கேளுங்கள். விலை கணிப்பதைவிட ஆர்வமாகச் சொல்வார்.

கேள்வி: எங்களுக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம் உண்டு. மகள் இதைப் படித்தால் வெளிநாட்டிலேயே தங்கிவிட நேருமா?
– தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: அப்படியொரு விதி இல்லை. அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன் 1964-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நாடு திரும்பி அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பாடம் நடத்தி, பின்னர் ரிசர்வ் வங்கி ஆளுநரானார். கீதா கோபிநாத் ஹார்வர்டிலிருந்து 2019-இல் பன்னாட்டுப் பண நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராகச் சென்றார். அமெரிக்கா வாங்காத, விற்காத சரக்குக்குக்கூட டாலரிலேயே விலை எழுதப்படுவதன் விளைவுகளை ஆராய்ந்தவர் அவர். உங்கள் அராபிகா வகைக் காபி இத்தாலிக்குப் போனாலும் அதற்கு அளவுகோல் நியூயார்க் சந்தையின் சென்ட் விலைதான் என்பதால், மகளுக்கு ஆய்வுப் பொருள் வீட்டு முற்றத்திலேயே காய்கிறது.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவன் நான். எங்கிருந்து தொடங்குவது?
– மாணவர், ஆத்தூர்

பதில்: ரிசர்வ் வங்கி வாரந்தோறும் வெளியிடும் அந்நியச் செலாவணிக் கையிருப்பு அட்டவணையிலிருந்து. வெளிநாட்டு நாணயச் சொத்து, தங்கம் முதலிய நான்கே வரிசைகள்தான். ஆறு மாதம் நோட்டில் எழுதி வாருங்கள். எது ஏன் அசைந்தது என்று தமிழிலேயே ஒரு வரி குறித்து வையுங்கள். ஆங்கிலம் பின்னால் வரும்.