பள்ளியில் கடுமையான அலர்ஜி வந்தால் என்ன செய்வது? ஒரு பள்ளி நர்ஸின் கேள்வி பதில்

வணக்கம். நான் பள்ளி நர்ஸ். அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தாகிற கடுமையான அலர்ஜி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர்களுக்கும் பள்ளி வண்டி ஓட்டுநர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சிஸ்டர், சாதாரண அலர்ஜியா, ஆபத்தானதா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? (தொடக்கப்பள்ளி ஆசிரியை)

தோலில் தடிப்பு, அரிப்பு, உதட்டில் கொஞ்சம் வீக்கம், இவ்வளவுதான் என்றால் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள், தனியாக மட்டும் எங்கேயும் அனுப்பாதீர்கள். மூச்சிலோ தொண்டையிலோ ரத்த ஓட்டத்திலோ மாற்றம் தெரிந்தால், அதாவது குரல் கம்முகிறது, விடாமல் இருமுகிறான், வீசிங் வருகிறது, விழுங்க முடியவில்லை, வெளிறிப்போய்த் துவள்கிறான் என்றால், அது அனாபிலாக்சிஸ். 10 முதல் 20 சதவீதம் பேருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது, அதனால் தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியாது. "நாக்கு சுடுது", "தொண்டையில என்னமோ மாட்டியிருக்கு" என்பார்கள், இல்லையென்றால் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அடம் என்று நினைத்து அதட்டிவிடாதீர்கள்.

முதலில் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அடங்காவிட்டால் அட்ரினலின் ஊசி போடலாமா? தேவையில்லாமல் போட்டுவிட்டால் பிரச்சினை ஆகாதா? (தலைமை ஆசிரியர்)

வேண்டாம் சார். பயிற்சிக்குப் போகும் இடமெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது, நான் மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான். செட்டிரிசின் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அடைத்துக்கொண்டு வரும் மூச்சுக்குழாயை அது திறக்காது, இறங்குகிற ரத்த அழுத்தத்தை ஏற்றாது. இரண்டையும் செய்வது அந்த ஊசியில் இருக்கும் அட்ரினலின் மருந்து. அனாபிலாக்சிஸால் இறந்தவர்களைப் பற்றி 2000-ல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், மூச்சோ இதயமோ நிற்பதற்கு எடுத்த நேரத்தின் நடுமதிப்பு உணவு அலர்ஜியில் 30 நிமிடம், பூச்சிக்கடியில் 15 நிமிடம். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க அதில் எங்கே இடம்? தேவையில்லாமல் போட்டுவிட்டால் படபடப்பு, கை நடுக்கம், தலைவலி வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள்.

பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியைப் போடும்போது கை நடுங்குமே? (உடற்கல்வி ஆசிரியர்)

நடுங்கும், அதனால்தான் பயிற்சிப் பேனாவை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம், அதில் ஊசியும் இருக்காது மருந்தும் இருக்காது. கையில் கொடுத்ததும் பலரும் பால்பாயின்ட் பேனாவை அழுத்துவதுபோல் நுனியில் கட்டைவிரலை வைத்துவிடுகிறார்கள். தலைகீழாகப் பிடித்திருந்தால் ஊசி அந்த விரலில்தான் ஏறும், மருந்தும் வீணாகும். நுனியில் விரல் படாமல் முஷ்டியாகப் பிடியுங்கள். எபிபென் என்ற வகைப் பேனா என்றால் நீல மூடியைக் கழற்றிவிட்டு, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கம் நடுவில் வைத்து 'கிளிக்' கேட்கும்வரை அழுத்தி 3 விநாடி பிடித்திருக்க வேண்டும். பேன்ட்டின் மேலேயே போடலாம். மற்ற வகைகளில் முறை கொஞ்சம் மாறும், உங்கள் பள்ளியில் இருப்பதைப் பழகுங்கள்.

அப்புறம், பிள்ளையை எழுப்பி நடத்திக்கொண்டு மருத்துவ அறைக்குப் போகாதீர்கள். திடீரென்று நிமிர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போயிருக்கிறது. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரட்டும். நினைவில்லை, வாந்தி வருகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஊசி போட்ட நேரத்தைக் குறித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா.

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு எது முதலில்?

பேனா முதலில், இன்ஹேலர் அப்புறம்.

ஊசி போட்டதும் நன்றாகிவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாமா?

ஆஸ்பத்திரிக்குத்தான். சிலருக்குச் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரும்.

பேனாக்களை அலுவலக பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம், சரியா? (அலுவலக உதவியாளர்)

பூட்டாதீர்கள். சாவி வைத்திருப்பவர் லீவு போட்ட நாளில்தான் தேவைப்படும். பள்ளியின் எந்த மூலையிலிருந்தும் 5 நிமிடத்துக்குள் கைக்குக் கிடைக்க வேண்டும், சுற்றுலா போனால் கூடவே போக வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் வண்டியிலும் கூடாது, 20 முதல் 25 டிகிரி நல்லது. காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள், கண்ணாடி ஜன்னலில் தெரியும் மருந்து கலங்கியோ நிறம் மாறியோ இருந்தால் புதிதாக வாங்குங்கள்.

பள்ளிக்குள் வேர்க்கடலையே கூடாது என்று தடை போட்டால் என் மகளுக்குப் பாதுகாப்புதானே சிஸ்டர்? (ஒரு அம்மா)

உங்கள் பயம் எனக்குப் புரிகிறதும்மா. தடை கொஞ்சம் உதவலாம், ஆனால் அதை நம்பிப் பேனாவையும் பயிற்சியையும் விட்டுவிடும் பள்ளிகள் எனக்குக் கவலை தருகின்றன. பால், முட்டை, எள், மீன், முந்திரி, குளவிக்கடி என்று எதிலிருந்தும் வரலாம். பள்ளியில் அனாபிலாக்சிஸ் வந்தவர்களில் ஏறக்குறைய 4-ல் ஒருவருக்கு அலர்ஜி இருப்பதே அதுவரை தெரியாது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அதனால்தான் யார் பெயரிலும் இல்லாத பொதுப் பேனாவும் இருக்க வேண்டும் என்கிறேன். சாப்பிட்டதும் எல்லாப் பிள்ளைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சானிடைசர் வேர்க்கடலைப் புரதத்தை நீக்காது. பேனாவைக் காட்டிக் கேலி செய்கிறார்கள் என்று மகள் சொன்னால் உடனே வகுப்பாசிரியரிடம் போங்கள், வெட்கப்பட்டுப் பேனாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

திட்டமெல்லாம் எழுதி ஃபைலில் வைத்திருக்கிறோம். போதுமா? (பள்ளி ஒருங்கிணைப்பாளர்)

முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் ஒத்திகை வையுங்கள், அதுவும் நர்ஸ் இல்லாத நாளில். ஒருவர் பிள்ளையோடு இருக்க வேண்டும், ஒருவர் பேனாவுக்கு ஓட, ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட, இன்னொருவர் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வேண்டும். அன்றைக்கு யாருக்காவது பதிலாக வந்திருக்கும் ஆசிரியரைக் கூப்பிட்டு, பேனா எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.