வெள்ளை லென்ஸும் வெள்ளைவால் மானும்

கேள்வி: அண்ணா, எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கூந்தன்குளத்தில் பறவை எடுத்துத்தான் கேமரா பழகினேன், முதுமலைக்கும் பலமுறை போயிருக்கிறேன். இப்போது வேலை அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலம் ஹாரிஸ்பர்க் அருகே. தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் நாள்) விடுமுறையில் நான்கு நாள் கிடைக்கிறது. நல்ல கொம்புள்ள வெள்ளைவால் மான் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. அதற்காகவே இலைதழை அச்சடித்த உடுப்பு வாங்கிவிட்டேன். ஆபீஸில் ஒருவர், "அந்த வாரம் காட்டுப் பக்கம் போகாதே, போனால் ஆரஞ்சு போட்டுக்கொண்டு போ" என்கிறார். ஆரஞ்சைப் பார்த்தால் மான் நிற்குமா? மனைவியும் ஆறு வயது மகளும் கூட வருகிறார்கள். போகலாமா?
— பெயர் வேண்டாம், பென்சில்வேனியா

பதில்: தம்பி, முதலில் அந்த ஆபீஸ் நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். அப்புறம் அந்த இலைதழை உடுப்பை மடித்து அலமாரியின் அடியில் வையுங்கள்.

நம் ஊரில் நாம் பழகியது வேறு. 1972 வன உயிரினச் சட்டம் வந்தபின் அங்கே வேட்டையாடுவது குற்றம். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒருவரைப் பார்த்தால் அவர் வனத்துறைக்காரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருட்டு வேட்டைக்காரன். ஆகவே நமக்கு ஒரே கவலை, விலங்கின் கண்ணில் படக் கூடாது. பளிச்சென்ற சட்டை வேண்டாம், பேசாதே, பதுங்கி இரு. நீங்கள் முதுமலையில் கற்ற இந்தப் பாடம் முழுவதும் பென்சில்வேனியாவில் நவம்பர் கடைசியில் தலைகீழாகிவிடும். அங்கே உங்களைப் பார்க்க வேண்டியவர் மனிதர். அவர் கையில் லைசென்ஸும் ரைஃபிளும் இருக்கும்.

உங்கள் விடுமுறை விழுந்திருக்கும் நாளும் சாதாரண நாளல்ல. அந்த மாநிலத்தில் ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவம் பல பத்தாண்டுகளாகத் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கிவந்தது. 2019 முதல் அதைச் சனிக்கிழமைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதாவது, நீங்கள் குடும்பத்தோடு கிளம்ப நினைக்கும் அதே சனிக்கிழமை விடியற்காலையில் மாநிலமே காட்டுக்குள் இருக்கும். நம்மூர்த் தீபாவளி போல, அப்பா, மகன், மாமா என்று கூட்டமாகப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்பு என்று பழைய ஆட்கள் சொல்லக்கூடும். அதையும் நம்ப வேண்டாம். 2019 சட்டம் மூன்று ஞாயிறுகளைத் திறந்துவிட்டது, 2025இல் ஞாயிறு தடையையே எடுத்துவிட்டார்கள். எந்தெந்த நாள் என்று வேட்டையைக் கவனிக்கும் அரசு அமைப்பான மாநில கேம் கமிஷன் வருடாவருடம் வெளியிடும் பட்டியலைப் பாருங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக இல்லை. 1988 நவம்பரில் மெய்ன் மாநிலத்தில் ஒரு பெண் தன் வீட்டின் பின்புறத்தில் நின்றுகொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தார். உங்களைப் போலவே அந்த மாநிலத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர். கையில் அணிந்திருந்தது வெள்ளை உள்ளங்கை வைத்த கையுறை. வெள்ளைவால் மான் மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும், அடிப்புறம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். சுட்டவர் தன் கண்ணில் பட்டது மான் என்றார். வழக்கு நடந்து அவர் விடுதலையானார்.

இப்போது உங்கள் கேமரா பையைத் திறந்து பாருங்கள். பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் என்ன நிறம்? பெரும்பாலும் வெள்ளை. பழுப்பு ஜாக்கெட், புதருக்குள் குந்தியிருக்கும் உருவம், அதன் நடுவே அசையும் ஒரு வெள்ளைத் துண்டு. அரையிருட்டில் நூறு கெஜம் தள்ளி நிற்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். லென்ஸுக்கு உறை போடுங்கள், அதன் மேல் ஆரஞ்சு நாடா ஒன்றைச் சுற்றுங்கள். மூக்குத் துடைக்கும் வெள்ளைக் கைக்குட்டைகூட வேண்டாம்.

ஆரஞ்சு போட்டால் மான் நிற்குமா என்று கேட்டீர்கள். நிற்கும். நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பணுக்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. ஆரஞ்சுக்கும் இலைப் பச்சைக்கும் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நீலம்தான் அதன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே மானை ஏமாற்ற வேண்டுமானால் ஜீன்ஸைக் கழற்றுங்கள், ஆரஞ்சு இருக்கட்டும். மானை விரட்டுவது உங்கள் அசைவும் வாசனையும்தான். பறவைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அதற்கு நம்மைவிட நிறம் தெரியும்.

எவ்வளவு ஆரஞ்சு? ரைஃபிள் பருவத்தில் வேட்டைக்காரருக்கே 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஃப்ளோரசென்ட் ஆரஞ்சு கட்டாயம். தலை, நெஞ்சு, முதுகு மூன்றிலும் சேர்த்து, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். தொப்பி மட்டும் போதாது, தொப்பியும் கையில்லாத வெஸ்ட்டும் சேர்ந்தால் சரியாக வரும். ஸ்டேட் கேம் லேண்ட் என்ற அரசு வேட்டை நிலங்களுக்குள் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை வேட்டையாடாதவர்களுக்கும் இது விதி. எந்த நாளுக்கு விலக்கு என்று நுணுகிப் பார்த்துக்கொண்டிருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். சாலை வேலை செய்பவர்களின் மஞ்சள்பச்சை வெஸ்ட் இதற்குச் செல்லாது.

நம் ஆட்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. வெஸ்ட்டை மாட்டிவிட்டு அதன்மேல் கறுப்பு கேமரா பையை மாட்டுவார்கள். முதுகு மொத்தமும் கறுப்பு! பைக்கும் ஓர் ஆரஞ்சு மழையுறை வாங்கிவிடுங்கள்.

நேரம்தான் நமக்குப் பெரிய சங்கடம். நாம் தேடும் பொன் வெளிச்சம்தான் மான் நடமாடும் நேரம், ஆகவே வேட்டைக்காரரின் நேரமும் அதுவே. சட்டப்படி சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்வரை சுடலாம். அந்த வாரத்தில் காட்டுக்குள் போகத்தான் வேண்டும் என்றால் உச்சிப்பொழுதில் போங்கள். படம் தட்டையாக வரும், வந்துவிட்டுப் போகட்டும். மலைமுகட்டில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்காதீர்கள். குறி தப்பிய ரைஃபிள் குண்டு மைல் கணக்கில் போகும்.

உண்மையில் நீங்கள் மாதத்தையே மாற்றிக்கொள்ளலாம். கொம்பு மான்கள் பெண் மானைத் துரத்தித் திரிவது நவம்பர் முதல் பாதியில், ரைஃபிள் பருவத்துக்கு முன்பு. அப்போது நடப்பது அம்பு வேட்டை. குறி கிட்டத்தில், பரணிலிருந்து கீழ்நோக்கி, ஆபத்து குறைவு. ஆனால் அம்புக்காரர் ஆரஞ்சு போட வேண்டியதில்லை, உங்கள் கண்ணுக்கு அவர் தெரியவே மாட்டார். எனக்கு நடந்தது இது. போன புதிதில், உங்களுடையதைப் போன்ற உடுப்பில் ஒரு புதருக்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தும்மல் வந்தது. நேர் மேலேயிருந்து, "காட் பிளெஸ் யூ" என்று ஒரு குரல். அண்ணாந்து பார்த்தால் இருபதடி உயரத்தில் மரத்தோடு மரமாக ஒரு பெரியவர், மடியில் வில். புதர் அசைவதை அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாராம். "நீ இன்று செய்த ஒரே நல்ல காரியம் தும்மியதுதான்" என்றார். அவருடைய அன்றைய வேட்டையை நான் கெடுத்துவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நியாயம்தான்.

ஏனென்றால் அந்தக் கேம் லேண்டுகளைப் பெரும்பாலும் வேட்டை லைசென்ஸ் பணத்தில்தான் வாங்கியிருக்கிறார்கள். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் வரியும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத்தான் போகிறது. நாம் அங்கே இலவச விருந்தாளி. வேண்டுமென்றே வேட்டைக்கு இடைஞ்சல் செய்வது 50 மாநிலங்களிலும் குற்றம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்காரர் கண்ணில் பட்டால் கையை ஆட்டாதீர்கள், அசைவு தவறாகப் படும். நின்ற இடத்திலிருந்து சத்தமாகப் பேசுங்கள். தமிழில் கத்தினாலும் சரி, எந்த மானும் அப்படிக் கத்தாது. காதில் இயர்போன் வேண்டாம். வண்டி நிறுத்துமிடம் பிக்கப் டிரக்குகளால் நிறைந்திருந்தால் வேறு இடம் பாருங்கள். பெயரில் ஸ்டேட் பார்க் என்றோ வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ் என்றோ இருந்தால் வேட்டை கிடையாது என்று முடிவுகட்டாதீர்கள், பலவற்றில் உண்டு. வசந்தத்தில் வான்கோழி வேட்டை வரும்போது இன்னொரு சிக்கல்: பெட்டைக் குரல் கேட்கிறதே என்று பதுங்கிப் போனால் அங்கே குரல் கொடுப்பது வேட்டைக்காரராக இருக்கலாம். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்தப் பருவத்தில் அந்த மூன்று நிறமும் உடம்பில் வேண்டாம்.

சரி, இந்த விடுமுறைக்கு என்ன செய்வது? பென்சில்வேனியாவிலேயே இருக்கும் பருந்துகளின் சரணாலயமான ஹாக் மவுண்டனுக்குப் போங்கள். 1932இல் ரிச்சர்ட் பௌ என்பவர் அந்த மலைமுகட்டில் சுட்டுத்தள்ளப்பட்ட பருந்துகளை வரிசையாக அடுக்கிப் படம் பிடித்தார். அதைக் கண்டு கொதித்த ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934இல் மலையையே குத்தகைக்கு எடுத்து வேட்டையை நிறுத்தினார். நம் தொழிலுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்! டிசம்பர் நடுவரை அங்கே வலசைக் கணக்கெடுப்பு நடக்கும், அதிர்ஷ்டமிருந்தால் பொன்னாங்கழுகு கிடைக்கும். மான்தான் வேண்டும் என்றால், வேட்டைக்கு அனுமதியில்லாத ஊர்ப் பூங்காவிலும் பெரிய கல்லறைத் தோட்டத்திலும் ஆள் பயமில்லாமல் மேயும். பிப்ரவரி கடைசியில், வலசைப் பறவைகள் தங்கும் மிடில் க்ரீக் என்ற இடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பனி வாத்துகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் எழும்பும்போது கூந்தன்குளம் நினைவுக்கு வரும்.

கடைக்குப் போகும்போது பாப்பாவுக்கும் ஓர் ஆரஞ்சு வெஸ்ட் எடுங்கள். பெரும்பாலும் பெரியவர்கள் அளவுதான் இருக்கும், முழங்காலுக்குக் கீழே தொங்கினாலும் பரவாயில்லை. அவளுடைய குளிர்தொப்பியின் உச்சியில் வெள்ளைக் குஞ்சம் இருந்தால், அதை மட்டும் கத்தரித்துவிடுங்கள். அழுவாள், சமாளித்துக்கொள்ளலாம்.