இத்தாலி வேண்டாம், வியட்நாமை எடுங்கள்
ராயபுரம் தம்பி, நட்பு நாட்டின் போரில் சேராதது துரோகமல்ல என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேச 1914 இத்தாலி சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ம துறைமுகத்துப் பக்கம் எம்டன் குண்டு போட்ட அதே ஆண்டு, ஆசை வரும்தான். ஆனால் முதல் உலகப் போரில் முதலில் ஒதுங்கி நின்ற இத்தாலி 1915 மே மாதம் பழைய கூட்டாளி ஆஸ்திரியா மீதே போர் தொடுத்தது. எதிரணி அதை வைத்தே மடக்கிவிடும்.

வியட்நாம் போர்தான் கெட்டி. அமெரிக்க அதிபர் ஜான்சன் பேருக்காவது ஒரு சிறு படை கேட்டும் பிரிட்டன் பிரதமர் வில்சன் அனுப்பவில்லை. பவுண்டு நாணயத்தின் மதிப்பைத் தாங்கிப்பிடிக்க அமெரிக்க உதவி தேவைப்பட்ட நேரம் அது! வாயளவில் ஆதரித்தார், அதற்கே சொந்தக் கட்சியில் திட்டு வாங்கினார். வியட்நாம் பற்றிப் பேசிய 1954 ஜெனீவா மாநாட்டில் பிரிட்டன் வகித்த இணைத் தலைமை, மலேசியாவில் சிக்கியிருந்த படைகள் என்று காரணம் சொல்ல முடிந்தது. நட்பும் முறியவில்லை. அப்புறம், ஆஸ்திரேலியா படை அனுப்பியதே என்பார்கள். அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.