சூரியகாந்திக் காட்டில் கிளிக் கூட்டம்: என்ன செய்யலாம்?

கேள்வி: தாராபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் சூரியகாந்தி போட்டிருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் போடவில்லை. மணி பிடிக்க ஆரம்பித்ததும் காலையும் சாயங்காலமும் கிளிகள் கூட்டமாக இறங்குகின்றன. சோளக்கொல்லைப் பொம்மை நட்டும் பலனில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தானியத்தில் குருணைப் பூச்சி மருந்தைக் கலந்து வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். கிளியும் மயிலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, மயில் அதில் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. உங்கள் பக்கம் மயிலுக்கா பஞ்சம்? கிளிக்கு வைத்ததை மயில் தின்று செத்தால் ஜெயிலுக்குத்தான் போக வேண்டும். ஆடு, கோழி, வீட்டு நாய் சாவது தனிக்கணக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். வேறு யாரும் போடவில்லை என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். நூறு ஏக்கரில் பரவ வேண்டிய கூட்டம் உங்கள் ஒன்றரை ஏக்கரில் மொத்தமாக இறங்குகிறது. அதுவும் கிளி தின்பதைவிடக் கொறித்துக் கீழே தள்ளுவதுதான் அதிகம். ஆனால் இது மணி பிடித்ததிலிருந்து அறுவடை வரை சுமார் ஒரு மாதச் சண்டைதான், அந்த ஒரு மாதம் அசராமல் நின்றால் போதும்.

பொம்மை ஏன் தோற்றது என்றால், அது நட்ட இடத்திலேயே நின்றது. அசையாத எதற்கும் பறவை நாலைந்து நாளில் பழகிவிடும், அப்புறம் அதன் தலையிலேயே உட்காரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், சட்டையையும் மாற்றுங்கள்.

இதைவிட நன்றாக வேலை செய்வது ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியுமாக இருக்கும் பளபளப்பு நாடா. சுமார் 10 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, பூவுக்கு ஓரிரு அடி மேலே, வடக்கு தெற்காக, இரண்டு மூன்று முறுக்கு விட்டுக் கட்டுங்கள். முறுக்கு இருந்தால்தான் வெயிலில் மினுக்கும், காற்றில் ரீங்காரமும் வரும். இறுக்கிக் கட்டிவிட்டுச் சத்தமே வரவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். இதற்கும் இரண்டு வாரத்தில் கிளி பழக ஆரம்பிக்கும், ஆகவே தினமும் ஆள் போய்த் தகரம் தட்டுவதும் கூடவே நடக்க வேண்டும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, பிறகு நாலு மணியிலிருந்து இருட்டும் வரை இருந்தால் போதும். நடுப்பகலில் அதுவும் ஓய்வெடுக்கும், நீங்களும் ஓய்வெடுக்கலாம். வெடி போடுவதானால் தினமும் ஒரே நேரத்துக்குப் போடாதீர்கள். பிளாஸ்டிக் குழாயில் செய்த கார்பைடு துப்பாக்கி மட்டும் வேண்டாம், கண் போய்விடும்.

தினைப்புனம் காத்த பெண்கள் சங்க காலத்திலேயே தட்டை, தழல், குளிர் என்று பல கருவிகளை மாற்றி மாற்றித்தான் கிளி ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றையே நம்பினால் ஆகாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று: புழுவைப் பிடிக்கக் கரிச்சானும் மைனாவும் உட்காரட்டும் என்று நட்ட பறவை தாங்கிக் குச்சிகள் இன்னும் நிற்கின்றனவா? மணி பிடித்த பிறகு கிளிக்கும் அதுவே நாற்காலி. இன்றே பிடுங்கிவிடுங்கள்.

வலை நிச்சயமான வழிதான், ஆனால் ஒன்றரை ஏக்கருக்குச் செலவு கட்டாது. வேலியோர மரங்களை ஒட்டிய வரிசைகளில்தான் அடி அதிகம் விழும். அங்கே மட்டும் பழைய புடவையோ வலையோ கட்டிப் பாருங்கள்.

பூவின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாக மாறியதுமே அறுத்துவிடுங்கள், செடியிலேயே காயட்டும் என்று விடும் ஒவ்வொரு நாளும் கிளிக்கு விருந்து. அடுத்த போகத்தில் பக்கத்து ஆட்களோடு பேசி ஒரே வாரத்தில் விதையுங்கள், பூ நன்றாகக் கவிழ்ந்து தொங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள், கிளி உட்கார்ந்து கொத்தச் சிரமப்படும். களத்தில் காயப்போடும்போது புறா வரும், அதற்கு ஒரு பழைய கொசுவலை போதும்.