கணுக்காலுக்கு மேலே, முட்டிக்குக் கீழே: பயிற்சியால் வரும் கால்வலி – கேள்வி பதில்

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் என்பதால் கால்வலி பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். பெரும்பாலானவர்கள் கைகாட்டும் இடம் ஒன்றுதான்: முட்டிக்குக் கீழே, முன்பக்க எலும்பு. இடம் ஒன்றானாலும் எல்லாருக்கும் ஒரே நோய் இல்லை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக ஒரு மாதமாகத் தினமும் ஓடுகிறேன். இரண்டு காலிலும் எலும்பின் உள்பக்கம் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கிறது, ரெண்டு ரவுண்டு போனால் அடங்கிவிடுகிறது, வீட்டுக்கு வந்ததும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. உடல்திறன் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. இப்போது நிறுத்தினால் ஓட்டம் போய்விடுமே?

பதில்: தம்பி, ஆரம்பத்தில் வலித்து, உடம்பு சூடானதும் அடங்கி, பிறகு திரும்ப வருவது ஷின் ஸ்ப்ளின்ட்டின் (ஓட்டச் சுமையால் முன்னெலும்பின் உள்விளிம்பில் வரும் வலி) வழக்கமான போக்கு. உறுதி செய்துகொள்ள உட்கார்ந்து, எலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக வலி பரவியிருந்தால் அநேகமாக ஷின் ஸ்ப்ளின்ட். விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் தொட்டாலே துள்ளுகிறது என்றால் எலும்பில் விரிசல் ஆரம்பித்திருக்கலாம். அப்போது மேலே படிக்காமல் எலும்பு டாக்டரிடம் போங்கள்.

ஒரு மாதம் கழித்து ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கிறது, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டுவதற்கு மாதக்கணக்காகும். சுவரை இடித்தாயிற்று, கொத்தனார் இன்னும் வரவில்லை என்கிற நிலை அது. மூச்சும் தசையும் அதற்குள் தேறிவிடுவதால் 'இன்னும் வேகம் கூட்டலாம்' என்று உங்களுக்குத் தோன்றும். எலும்பு மிகவும் தளர்ந்திருக்கும் வாரமும் பெரும்பாலும் அதுதான்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். உங்கள் தேர்வில் கேட்பதுபோல் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிப்பது என்றால் 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. இதற்காகத் தினமும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு முழுத் தூரத்தையும் ஓடிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். அது பயிற்சி இல்லை, தினமும் ஒரு தேர்வு.

முதல் இரண்டு வாரம் ஓட வேண்டாம். சைக்கிள் மிதியுங்கள், கிணறோ குளமோ இருந்தால் நீந்துங்கள். மூச்சு குறையாது. 30 நிமிடம் வேகமாக நடந்தும் வலி இல்லை என்றான பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், 1 நிமிடம் மெதுவோட்டம், 1 நிமிடம் நடை என்று தொடங்குங்கள். ஓட்டத்தை 2, 3, 5 நிமிடமாக நீட்டிக்கொண்டே போங்கள். முதலில் தூரம், வேகம் கடைசியில். 10க்கு 2 அளவில் லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை எழுந்து நிற்கும்போது அது மீதி இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு படி பின்னால் போங்கள்.

கூடவே கெண்டைக்கால் சதைக்கு வலு ஏற்ற வேண்டும். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், முட்டியை நீட்டி ஒரு முறை, சற்று மடக்கி ஒரு முறை. மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சோலியஸ் என்ற தசை அப்போதுதான் கூடுதலாக வேலை செய்கிறது, எலும்பின் மீதான இழுவையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒற்றைக் காலில் தொடர்ந்து 20 முதல் 25 வரை வர வேண்டும். ஜிம் கிடையாது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் 10 கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு குதிகாலைத் தூக்குங்கள், போதும்.

கேள்வி: நானும் அதே தேர்வுக்குத்தான் ஓடுகிறேன். காலடியைச் சிறிதாக வைக்கச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. காலை நீட்டி எட்டி வைத்தால் குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் விழுந்து, அடி நேராக எலும்பில் இறங்கும். ஒரு நிமிடத்தில் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 160 வந்தால், அதே வேகத்தில் 168 ஆக்கப் பாருங்கள். 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே எலும்பின் சுமை குறையும். எல்லாருக்கும் 180 என்று ஒரு கணக்கு சுற்றுகிறது, அதைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

கேள்வி: மகளுக்கு 15 வயது. அரங்கேற்றம் நெருங்குவதால் தினமும் மூன்று மணி நேரம் பரதநாட்டியப் பயிற்சி, கிரானைட் தரையில். இடது காலில் முன்னெலும்பின் நடுவில் ஒரே இடத்தில் வலி. இப்போது ராத்திரியிலும் வலிக்கிறது என்கிறாள். எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். ஆடலாமா?

பதில்: அம்மா, ஆட வேண்டாம். ஒரே இடம், ஒரே கால், ராத்திரி வலி: இந்த மூன்றும் சேர்ந்தால் விரிசல் இல்லை என்று உறுதியாகும் வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, எம்ஆர்ஐ-யில் தெரியும். எலும்பின் முன்பக்க நடுப்பகுதியில் வரும் விரிசல் ஆறுவதற்கு வெகுகாலம் எடுக்கும், கவனிக்காவிட்டால் முழுதாக உடையவும் கூடும். அதோடு, வளரும் பிள்ளைக்கு ராத்திரியில் எலும்பு வலி என்றால் விரிசல் தவிர வேறு சிலவற்றையும் டாக்டர் பார்த்து விலக்க வேண்டும். எனவே இந்த வாரமே காட்டுங்கள்.

டாக்டரிடம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? அரங்கேற்றத்துக்காக இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாளா? தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டு நிறையப் பயிற்சி செய்யும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், எலும்பும் மெலியும். கூச்சத்தில் இதை யாரும் சொல்வதில்லை, கேட்கிறவர்களும் குறைவு. வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடலாம்.

ஆடாத நாட்கள் வீண் இல்லை. உட்கார்ந்தபடி அபிநயம், கை முத்திரை, தாளம் போட்டு ஜதி சொல்வது எல்லாம் நடக்கட்டும். திரும்பும்போது தட்டடவைப் பாதத்தை ஓங்கித் தட்டாமல் தொட்டு வைத்துத் தொடங்கட்டும். குதித்து மெட்டடவு போன்ற குதிக்கும் அடவுகள் கடைசியில்தான். கிரானைட்டும் கான்கிரீட்டும் கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. மரத்தளம் கிடைத்தால் பெரிய உதவி. அரங்கேற்றத் தேதியைத் தள்ளிவைக்க முடியும் என்பதை குருவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பிள்ளை வாயால் வராது.

கேள்வி: கோவில்பட்டியில் ஹாக்கி ஆடுகிறேன். பத்து நிமிடம் ஓடினால் இரண்டு கீழ்க்காலும் கல் மாதிரி இறுகி, பாதம் மரத்துப்போகிறது. வெளியே உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. எலும்பைத் தொட்டால் வலி இல்லை.

பதில்: இது எலும்புப் பிரச்சினையாகத் தெரியவில்லை. கீழ்க்கால் தசைகள் நான்கு அறைகளில் இருக்கின்றன, அவற்றைச் சுற்றியுள்ள உறை அதிகம் நெகிழாது. ஓடும்போது தசை ரத்தத்தால் பருக்கும். சிலருக்கு உள்ளே அழுத்தம் ஏறி நரம்பும் நசுங்கும். ஓடும் முன்னும் பின்னும் அறைக்குள் ஊசி வைத்து அழுத்தம் அளப்பார்கள். ஓடும் விதத்தை மாற்றிப் பார்ப்பது முதல் வழி. கேட்கவில்லை என்றால் உறையைக் கீறிவிடும் ஆபரேஷன் இருக்கிறது. நல்ல விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஹாக்கி என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பந்தோ மட்டையோ பட்டு, கால் வீங்கி இறுகி, விரலை அசைத்தாலே உயிர் போகும் வலி என்றால் காத்திருக்காதீர்கள். அது சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம்.

கேள்வி: வயது 61, சர்க்கரை உண்டு. காலையில் வாக்கிங் போகும்போது அதே தெருமுனை வந்ததும் கெண்டைக்கால் பிடிக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. இது ஷின் ஸ்ப்ளின்ட்டா?

பதில்: இல்லை ஐயா. ஒரே தூரத்தில் வந்து, நின்றால் போகும் வலி கால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் எளிய சோதனை இருக்கிறது, ரத்தக்குழாய் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் அந்த அளவு தவறாகக் கூடக் காட்டலாம், அவர் வேறு சோதனையும் சொல்வார். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கேள்வி: எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா? வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

பதில்: சதையை மெல்ல நீவிவிடுவதில் தப்பில்லை. எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி உருவக் கூடாது. துணியில் சுற்றி 10, 15 நிமிடம் ஐஸ் வைத்தால் வலி தணியும், காரணம் அப்படியே இருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதற்கு என் பதில் வேண்டாம் என்பதே. நிறுத்தச் சொல்லும் ஒரே சத்தத்தை அமுக்கிவிட்டு ஓடுகிறீர்கள்.

கேள்வி: விலை அதிகமான ஷூ வாங்கினால் சரியாகுமா? சிலர் மணலில் வெறுங்காலோடு ஓடச் சொல்கிறார்கள்.

பதில்: விலையைப் பார்க்காதீர்கள், காலுக்கு இதமாக இருந்தால் போதும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் மாற்றுங்கள். வெறுங்கால் பழக்கமில்லாதவர் வலி இருக்கும்போது தொடங்கக் கூடாது. உதிரி மணலில் கெண்டைச் சதை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும், அலையோர ஈர மணல் சாய்வாக இருக்கும். சமமான மண் தரை எங்கே இருக்கிறதோ அங்கே ஓடுங்கள்.